சுத்தத்தைவிடச் சுத்தமான தண்ணீர்

மாசைக் கண்டுபிடிக்கிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கருவி இருந்தால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கருவியையும் வாங்கி, ஆட்களையும் அமர்த்தி, ஓயாமல் தேடிக்கொண்டும் இருந்து, கண்டுபிடிக்காமல் இருப்பது இருக்கிறதே, அதற்குத்தான் கட்டுப்பாடு வேண்டும். மனித அறிவின் அந்தச் சிகரத்தைத் தொட்டது 'புதுவகை மாசு கண்டறிதல் மற்றும் அகற்றல் நிலையம்'. அதன் புகழை முறையாக எழுதி வைக்காமல் விட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது. வருங்காலம் என்று ஒன்று மிஞ்சினால்.

நிலையம் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றின் மேல்பக்கம், கூப்பிடு தூரத்தில், ஒட்டாத சட்டி செய்கிற ஆலை. எதையும் தன்மேல் ஒட்டவிடாத அந்தச் சட்டிக்குப் பூசுகிற ரசாயனத்துக்கு ஒரு குணம் உண்டு. சட்டியில்தான் அது அவ்வளவு வீறாப்பாக இருக்கும். வெளியே வந்துவிட்டால் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், மனிதர் ரத்தத்தில் குடியேறும், அப்புறம் காலி செய்யச் சொன்னாலும் போகாது. நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசி கிடையாது. கண்ணும் மூக்கும் நாக்கும் கையை விரித்துவிட்டதால் அரசாங்கம் கருவி வாங்கியது.

கருவிக்குத் தனி அறை. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும். மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், விசிறி நிற்கும், இயக்குநரின் பேச்சுக்கூட நிற்கும். கருவி மட்டும் நிற்காது. விருந்தினர் வந்தால் இயக்குநர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிற்கவைத்துக் காட்டுவார். "ஒரு ஏரித் தண்ணியில ஒரு சொட்டு கலந்திருந்தாலும் பிடிச்சிடும்" என்பார். "இதுவரைக்கும் என்ன பிடிச்சிருக்கு சார்?" என்று விருந்தினர் கேட்பார். இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணுமே இல்ல!" என்பார். கைதட்டல் எழும்.

மேல்மாடியில் அகற்றல் பிரிவு. கீழே எதுவும் கண்டறியப்படாததால் மேலே எதையும் அகற்ற முடியவில்லை. தொழில் மறந்துவிடக் கூடாதே என்று அவர்கள் மேசைத் தூசியை அகற்றினார்கள். அதுவும் மனம் வந்தால்.

கண்டறியும் பிரிவின் தலைமைப் பகுப்பாய்வாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ரூல்தடி மேடம்'. ஒவ்வோர் அறிக்கையிலும் முடிவின்கீழ் ரூல்தடி வைத்து இரட்டைக் கோடு போடுவார். அவர் கழுவிய கண்ணாடிக் குடுவையை மறுபடி கழுவ ஆள் கிடையாது. அவர் எழுதிய முடிவை மறுபடி பார்க்கவும் ஆள் கிடையாது. 'கண்டறியப்படவில்லை' என்பதை அவரைப்போல் அழகாக எழுதக்கூடியவர் அந்தத் துறையிலேயே இல்லை என்று பேசிக்கொள்வார்கள். பழக்கம் அப்படி.

ஒரு நாள் காலை அவருடைய தங்கை, இடுப்பில் கைக்குழந்தையும் பையில் ஒரு பாட்டில் தண்ணீருமாக நிலையத்துக்கே வந்துவிட்டாள்.

"இங்கெல்லாம் ஏன் வந்தே?" என்றார் மேடம், வாசற்படியிலேயே மறித்து.

"வீட்டுக்கு வந்தா நீ தூங்கிட்டிருக்கே, போன் பண்ணா மீட்டிங்கிறே. வேற எங்க வர்றது? இந்தா, எங்க தெரு போர் தண்ணி. ஒரே ஒரு கேள்விதான் அக்கா. பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்கலாமா, கூடாதா?"

"கொதிக்க வச்சுத்தானே கலக்கறே?"

"நல்லாக் கொதிக்க வச்சு, பாதியா வத்த வச்சுத்தான் கலக்கறேன்."

அந்த ரசாயனம் கொதித்தால் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். அதை மேடம் வெளியே சொல்லவில்லை. நிலையத்தின் முடிவு வருமுன் கருத்துச் சொல்வது விதிக்குப் புறம்பு.

தங்கையின் தெரு ஆலையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அங்கே புதைத்த கழிவு மண்ணின்மேல்தான் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். தெருவுக்கே அந்த ஒரு போர்தான். நிலையத்தின் அறிக்கையில் 'மாசு உண்டு' என்று வந்தால் நகராட்சி லாரியில் நல்ல தண்ணீர் அனுப்பும், ஆலை உற்பத்தியை நிறுத்தும். 'இல்லை' என்று வந்தால் தெருக்காரர்கள் வாயை நிறுத்த வேண்டும்.

"தெருவுல ஆளுக்கொண்ணு சொல்றாங்க அக்கா. யார் சொல்றதையும் நான் கேக்கப் போறதில்ல. நீ கையெழுத்துப் போட்டா குடிப்பேன். போடலைன்னா குடிக்க மாட்டேன். அவ்வளவுதான்."

மேடம் பாட்டிலை வாங்கிக்கொண்டார். குழந்தை அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

கருவியை ஓட்டுவதற்கென்று ஒரு நெறிமுறை உண்டு. முதலில் மாசே இல்லாத சுத்த நீரை உள்ளே விட வேண்டும். அதிலும் கருவி ஏதாவது காட்டினால் அது தண்ணீரில் இருப்பது அல்ல, குழாயிலும் குடுவையிலும் ஒட்டிக்கொண்டிருப்பது என்று பொருள். பிறகு சோதிக்க வேண்டிய தண்ணீரை விட்டு, வருகிற எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் மாசு. உலகம் முழுக்க இதே முறைதான். நிலையத்தில் இத்தனை காலமும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பூஜ்யமாகவோ பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ இருந்தது. மேடம் இரட்டைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை கொண்டுவந்த தண்ணீரை ஓட்டிக் கழித்தபோது பூஜ்யம் வரவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே வந்தது.

மேடம் மறுபடி கழித்தார். மறுபடியும் மைனஸ். கூடையில் பத்துப் பழம் இருக்கிறது என்று எண்ணலாம். பழமே இல்லை என்றும் எண்ணலாம். இல்லாததைவிடக் குறைவாகப் பழம் இருப்பதை அவர் படித்த பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. கழிக்கப்பட்டது பெரியதாக இருக்க வேண்டும். அவர் சுத்த நீரை மட்டும் தனியாக ஓட்டி, இத்தனை காலமும் கழித்துவிட்டு மறந்த அந்த எண்ணை முதல் தடவையாக உற்றுப் பார்த்தார். சுத்த நீரிலேயே மாசு நிறைந்திருந்தது. அப்புறம் எழுந்து பண்டகசாலைக்குப் போனார்.

"சுத்த நீர் எங்கேர்ந்து வருது?"

"குழாய்லேர்ந்துதான் மேடம்" என்றார் பண்டகக் காப்பாளர், ஒளிவுமறைவே இல்லாமல்.

"குழாய்லேர்ந்தா? சீல் வச்ச பாட்டில்ல வரணுமே!"

"கேட்டு எழுதியாச்சு மேடம். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதிலும் வந்தாச்சு. வர்ற வரைக்கும் நாட்டு வேலை நிக்கக் கூடாதேன்னு நானே பிடிச்சு, வடிகட்டி வைக்கிறேன். ஒரு தூசி தும்பு கிடையாது. பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

"எவ்வளவு நாளா இப்படி?"

"நான் சேர்ந்ததிலேர்ந்து. எனக்கு முன்னாடி இருந்தவர் வடிகட்டவும் மாட்டாரு மேடம்."

நிலையத்தின் குழாய்க்குத் தண்ணீர் எடுப்பது ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கிற இடத்துக்கு நேர் கீழே. ஆகவே, இத்தனை வருடமும் ஊரின் அழுக்கை ஊரின் அழுக்கிலிருந்து கழித்து, மிஞ்சியது ஒன்றுமில்லை என்று அவர் கோடு போட்டிருக்கிறார். தங்கையின் தெருத் தண்ணீர் செய்த ஒரே சாதனை, நிலையத்துத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கம்மியாகக் கெட்டிருந்ததுதான்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நிலையத்தில் யாரும் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. குடிக்க வெளியிலிருந்து பாட்டில் வரும். குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது கருவி மட்டும்தான்.

மேடம் கட்டடத்தையே மனத்தில் துழாவினார். நல்ல தண்ணீர் இருக்கிற ஒரே இடம் இயக்குநர் அறையின் ஃபிரிட்ஜ். மலை ஊற்றில் பிடித்து வருவது. இயக்குநர் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவர் ஒரு பாட்டிலை எடுத்துவந்து, அதைச் சுத்த நீராக வைத்துத் தெருத் தண்ணீரை மறுபடி ஓட்டினார். இந்த முறை மைனஸ் வரவில்லை. வந்த எண்ணைப் பார்த்து, தாளைக் கவிழ்த்து வைத்தார். தன் வீட்டுப் பூனைக்குக்கூட அந்தத் தண்ணீரை வைக்க மாட்டார்.

இயக்குநரிடம் போனபோது அவர் கையில் முதல் தாள் ஏற்கெனவே இருந்தது.

"என்னம்மா இது, மைனஸ்? உண்மையா?"

"அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன் சார். நம்ம சுத்த நீர் சுத்தமா இல்ல."

"சுத்த நீர் எப்படிம்மா சுத்தமில்லாம இருக்கும்? அப்புறம் அதுக்கு ஏன் அந்தப் பேரு?" இயக்குநர் எழுந்து சன்னலோரம் போனார். குரல் தழுதழுத்தது. "மாசு இல்லாத தண்ணி எந்த ஊர்லயும் கிடைக்கும்மா. மாசு இல்லாததைவிடக் கம்மியா மாசு இருக்கிற தண்ணி! கூட்டத்தைக் கூட்டுங்க."

கூட்டம் கூடியது. நகராட்சித் தலைவர் வந்தார், ஆலையின் பொது மேலாளர் வந்தார், மேல்மாடியிலிருந்து அகற்றல் பிரிவின் தலைவர் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் முன்னால் வைக்கப்பட்டது. மலை ஊற்றுத் தண்ணீர்.

"எனக்கு விஞ்ஞானம் வேணாம்" என்றார் நகராட்சித் தலைவர். "மைனஸ்னா நல்லதா, கெட்டதா? சுருக்கமாச் சொல்லுங்க."

"மார்க்குல மைனஸ் கெட்டது" என்றார் இயக்குநர். "காய்ச்சல்ல மைனஸ் நல்லது. மாசு காய்ச்சல் மாதிரி."

"அப்போ நல்லது."

"நல்லதுக்கும் மேல."

அகற்றல் பிரிவின் தலைவர் கண்ணை முழுதாகத் திறந்தார். அவர் பணியில் சேர்ந்தபின் அப்படித் திறந்தது அன்றுதான். "சார், ஒரு சந்தேகம். இந்த மைனஸ் தண்ணிய, பிளஸ் தண்ணியில ஊத்தினா என்ன ஆகும்?"

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்தா பூஜ்யம்" என்றார் இயக்குநர், தமக்கே கேட்காத குரலில். "ஐயா! அகற்றியே விட்டீங்களே!"

அதன்பின் தீர்மானங்கள் மளமளவென்று பிறந்தன. தெருவின் போர் தண்ணீரைக் குழாய் போட்டு ஊர்க் குடிநீர் ஏரிக்குள் விடுவது. அதனால் ஏரி 'தானே தூய்மையடைதல்'. பம்ப்பும் குழாயும் ஆலையின் அன்பளிப்பு. "சமூகப் பொறுப்புன்னு ஒண்ணு எங்களுக்கும் இருக்கு" என்றார் பொது மேலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க சுவருக்குப் பின்னாடி இப்படி ஒரு புதையல் இருக்குன்னு எங்களுக்கே தெரியாதே!" புதைத்தவர்கள் அவர்கள் என்பதால் கொஞ்சம் தெரிந்திருக்கலாம்.

"மண்ணு எப்படி?" என்று கேட்டார் நகராட்சித் தலைவர்.

தண்ணீரே அப்படியென்றால் அது ஊறி வருகிற மண் எப்படியிருக்கும்! அந்த மண்ணை வெட்டி ஊரின் எல்லாப் பள்ளி மைதானங்களிலும் பரப்புவதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

மேடம் எழுந்தார். "சார், அது மைனஸே இல்ல. நம்ம குழாய்த் தண்ணி அதைவிட மோசம், அதனால அப்படித் தெரியுது. நான் உங்க ஃபிரிட்ஜ்ல இருக்கிற தண்ணிய வச்சு ஓட்டிப் பார்த்தேன். அந்தத் தெருத் தண்ணியில..."

"எங்க இருக்கிற தண்ணிய?"

"உங்க ஃபிரிட்ஜ்ல சார்."

"என் தண்ணியத் தொட்டீங்களா?"

"ஒரு பாட்டில்தான் சார். அதுல என்ன வந்துச்சுன்னா..."

"மூடியத் திறந்தீங்களா?"

மேலாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இதெல்லாம் நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம்."

"இருங்கம்மா" என்றார் நகராட்சித் தலைவர், நியாயஸ்தராக. "ஒரு சாதாரணத் தெருவோட போர் தண்ணிய ஒரு இயக்குநரோட தண்ணியோட ஒப்பிடலாமா? அது அந்த ஏழைத் தண்ணிக்குச் செய்யற அநியாயம் இல்லையா? ஊர் தண்ணிய ஊர் தண்ணியோடதான் வைக்கணும்."

இந்தக் கருத்து 'சமநீதி ஒப்பீட்டுக் கோட்பாடு' என்ற பெயரில் அங்கேயே ஏற்கப்பட்டது.

எல்லாரும் போனபின் இயக்குநர் மேடத்தை மட்டும் நிறுத்தினார். கோபப்படவில்லை. கோபப்படாத இயக்குநருக்குத்தான் ஊழியர்கள் பயப்படுவார்கள்.

"உக்காருங்கம்மா. நீங்க சொல்றது சரின்னே வச்சுப்போம். அப்போ இதுவரைக்கும் போன அறிக்கை எல்லாம்?"

"தப்பு சார்."

"அதுல யார் கையெழுத்து?"

"என்னோடது."

"என்னோடது இருக்கா?"

"மேலொப்பம் மட்டும் சார்."

"பாத்தீங்களா. சரின்னா அது நிலையத்தோட வெற்றி, நம்ம எல்லாரோடதும். தப்புன்னா உங்களோடது மட்டும். எனக்கே மனசு கேக்கல." அவர் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். "கண்டறிதலையும் அகற்றலையும் ஒரே தலைமையில கொண்டுவரச் சொல்லி மேலேர்ந்து சொல்றாங்க. அந்த நாற்காலிக்கு நிதானமானவங்க வேணும். உங்களைத்தான் நினைச்சிருந்தேன். இப்பவும் நினைக்கலாமா, வேணாமா?"

மேடம் தாளைப் பார்த்தார். தங்கையின் தெருவின் பெயர், போரின் ஆழம், முடிவு: 'எதிர்மறை மாசு. பருக மிக உகந்தது.' குழந்தையின் நினைவு வந்தது. அடுத்து, தாம் கையெழுத்திட்ட மற்ற அறிக்கைகள் ஒவ்வொன்றாக எழுந்து தம்மைச் சுட்டிக்காட்டுவதும் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் குழந்தையைக் காப்பாற்ற வேறு வழியும் இருந்தது. கையெழுத்தைக் காப்பாற்றத்தான் வேறு வழி இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு ரூல்தடியை எடுத்தார். கோடு துளிகூட வளையவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அவர் ஆட்டோ பிடித்தார். அவர் குடியிருந்த மேட்டுப் பகுதிக்கு வேறு அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரைக் கேன்களில் நிரப்பி ஆட்டோவின் பின்னிருக்கையில் அடுக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் இறங்கினார்.

தெருவில் ஒரே கலகலப்பு. போரைச் சுற்றிக் குடங்கள். மோட்டார் அறைச் சுவரில் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. அதன்கீழ் இரட்டைக் கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது. தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள், முகம் கொள்ளாத சிரிப்போடு.

"வா அக்கா! உன் கையெழுத்துன்னு நான்தான் எல்லாருக்கும் காட்டினேன். எதிர்வீட்டு அண்ணி நேத்து வரைக்கும் பிள்ளைக்காக எங்கேயோ போய்த் தண்ணி தூக்கிட்டு வந்தாங்க. 'எங்க அக்கா ஒண்ணு சொன்னா சொன்னதுதான், பேசாம குடுங்க'ன்னு சொன்னேன். இன்னிக்குக் காலையிலேர்ந்து குடுக்கறாங்க. ஆமா, இதென்ன இத்தனை கேனு?"

"உள்ள வா முதல்ல." மேடம் கதவைச் சாத்தினார். "பாப்பாவுக்குக் குடுத்திட்டியா?"

"இல்ல, இப்பத்தான் கொதிக்க வச்சிருக்கேன். ஏன்?"

மேடம் நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். "இனிமே இந்தக் கேன் தண்ணிதான். உனக்கும் பாப்பாவுக்கும். தீர்ந்தா போன் பண்ணு, கொண்டுவர்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

தங்கை தொட்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ அதுல இருக்கா?"

"ஒரு ஜாக்கிரதைக்குத்தான்..."

"அக்கா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்தது அப்போதுதான். அடுப்படியில், தாழ்ந்த குரலில், மேலொப்பம் இல்லாமல்.

"எதிர்வீட்டுப் பாப்பா?" என்றாள் தங்கை.

"இப்போ போய்ச் சொன்னா என் வேலை போயிடும்டி. கொஞ்ச நாள் போகட்டும். பாத்துக்கலாம்."

"நான்தானே குடுக்கச் சொன்னேன்..."

"நீயா சொல்லலையே. அறிக்கையில இருந்ததைத்தானே சொன்னே?"

தங்கை வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு அண்ணி, இடுப்பில் பிள்ளையும் கையில் டீயுமாக நின்றாள். "அக்கா வந்திருக்காங்களாமே? எங்க வயித்துல பாலை வார்த்தவங்களாச்சே! நம்ம போர் தண்ணியில போட்டது, குடிங்கம்மா."

"இன்னிக்கு எனக்கு வயிறு சரியில்லையே" என்றார் மேடம் புன்னகையோடு, பிள்ளையின் கன்னத்தைத் தட்டி.

அண்ணி தங்கையைப் பார்த்தாள். "நீயாவது குடி."

தங்கை டீயை வாங்கி அடுப்பு மேடைமேல் வைத்தாள். "ஆறட்டும் அண்ணி" என்றாள். அண்ணி திரும்பிப் போனபின் கேன்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். போர்வையின் ஓரத்தைத் தரை தொட இழுத்துவிட்டாள். அக்கா ஒரு கை கொடுத்தார்.

ஆக, அந்த நிலையம் புதுவகை மாசைக் கண்டறிவதில்லை, அகற்றுவதில்லை என்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள் இனி வெட்கப்பட வேண்டும். முறைப்படி கண்டறிந்தது, சொட்டு மிஞ்சாமல் அகற்றியது, ஒரு வீட்டில், ஒரு குழந்தையின் பால்புட்டியிலிருந்து. அந்தத் தெருவின் மற்ற குழந்தைகளுக்கும் இதே சேவை கிடைத்திருக்கும். சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிற பெரியம்மா ஒருத்தி இல்லாமல் வந்து பிறந்தது அவர்கள் செய்த குற்றம்.